ஆள் வரும் முன்பே ரயில் விடலாமா? ஐந்து வழிகளை எடை போட்டுப் பார்ப்போம்

நகரத்தின் ஓரத்தில் பாதி வெட்டவெளியாகக் கிடக்கும் ஒரு பகுதி. இன்னும் 15, 20 ஆண்டில் இங்கே லட்சக்கணக்கில் ஆள் குடிவந்துவிடுவார்கள் என்று வரைபடம் சொல்கிறது. ரயிலை இப்போதே கொண்டுவரலாமா, ஆள் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாமா? இதைக் கேட்பவர்கள் பலவகை. ஒருவர் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எழுந்து பேச வேண்டியவர், ஒருவர் நகரத் திட்டமிடல் படிக்கிறவர், இன்னொருவர் அந்த வெட்டவெளியில் ஏற்கெனவே மனை வாங்கிப் போட்டுவிட்டு வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருப்பவர். மூவருக்கும் ஒரே பதில் பொருந்தாது, ஆனால் மூவரும் எடை போட வேண்டிய விஷயங்கள் ஒன்றுதான்.

இந்த விவாதம் எப்போதும் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறது. வருமுன் காப்பதுதான் புத்திசாலித்தனம், நாளைக்கு மூன்று மடங்கு செலவாகும் என்பது ஒரு கட்சி. ஆளே இல்லாத இடத்தில் ரயில் விடுவது யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை என்பது இன்னொரு கட்சி. இரண்டு பேரும் 'கட்டுவது' என்ற சொல்லை ஒற்றைப் பொருளாக எடுத்துக்கொள்கிறார்கள், சண்டை அங்கேதான் முட்டுச்சந்தில் போய் நிற்கிறது. ஒரு ரயில் பாதைக்குள் குறைந்தது நான்கு பொருள் இருக்கிறது: நிலம், கான்கிரீட், இயந்திரங்கள் (தண்டவாளம், சிக்னல், மின்சாரம், ரயில்பெட்டி), அப்புறம் அன்றாட ஓட்டம். நிலம் கிழடாவதில்லை. கான்கிரீட் நூறு ஆண்டு நிற்கும். சிக்னல் அமைப்பு 25, 30 ஆண்டில் பழைய சாமான். ஓட்டுநர் சம்பளம் இந்த மாதமே கொடுக்க வேண்டும். நான்கையும் ஒரே நாளில் தொடங்க வேண்டும் என்று யார் சொன்னது?

என் சாய்வை இப்போதே சொல்லிவிடுகிறேன். நிலத்தையும் 'பிறகு செய்யவே முடியாத' கான்கிரீட்டையும் முன்கூட்டியே செய்யலாம், இயந்திரங்களை முடிந்தவரை தாமதப்படுத்தலாம். ஆனால் இதற்கும் விதிவிலக்கு உண்டு, அதுவும் சின்ன விதிவிலக்கு இல்லை.

## எதை வைத்து எடை போடுவது

கணிப்பு பொய்த்தால் எவ்வளவு போகும்? கணிப்பு பொய்க்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பென்ட் ஃப்ளிவ்பியர்க் என்ற டென்மார்க் ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 14 நாடுகளில் 210 சாலை, ரயில் திட்டங்களை எடுத்துப் பார்த்து 2005-இல் எழுதியது இந்தத் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டும் கணக்கு: ரயில் திட்டங்களில் பத்துக்கு ஒன்பதில் பயணிகள் எண்ணிக்கையை ஏற்றிச் சொல்லியிருந்தார்கள், சராசரியாக 106 சதவீதம் அதிகம். அதாவது 100 பேர் வருவார்கள் என்று சொன்ன இடத்தில் ஏறக்குறைய 50 பேர்தான் வந்தார்கள்.

இப்போது விட்டால் பிறகு முடியுமா? முடியும் என்றால் எத்தனை மடங்கு செலவில்? ரயில்பெட்டியை எந்த ஆண்டிலும் வாங்கலாம். 40 மாடிக் கட்டடத்தின் அடித்தளம் இறங்கிய இடத்தில் சுரங்கம் போடுவது வேறு கதை.

சும்மா கிடக்கும் காலத்தின் விலை என்ன? இன்று 100 போட்டுக் கட்டி 20 ஆண்டு பூட்டி வைத்தால், 5 சதவீத வட்டியில் அது 265 ஆகிவிடுகிறது. இதோடு ஊறும் தண்ணீரை இறைக்கும் பம்பு, காற்றோட்டம், காவல், துரு. மறுபக்கம், அதே 20 ஆண்டில் நிலத்தின் விலை ஆண்டுக்கு 8 சதவீதம் ஏறினால் இன்றைய 100 நாளைய 466. இந்த இரண்டு எண்களில் எது உங்கள் இடத்துக்குப் பொருந்தும் என்பதில்தான் பாதி விவாதம் முடிந்துவிடுகிறது.

ரயில் வந்தால் ஊரின் வளர்ச்சி திசை மாறுமா? சில இடங்களில் ரயில்தான் ஆளைக் கூட்டி வரும். சில இடங்களில் வராது.

ஏறும் நில மதிப்பு யார் பையில் போகிறது? இதைப் பெரும்பாலான கூட்டங்களில் யாரும் கேட்பதே இல்லை. கேட்டால் அறை அமைதியாகிவிடும்.

## ஒரே பார்வையில்

| வழி | கணிப்பு பொய்த்தால் நட்டம் | சும்மா கிடக்கும் காலத்தின் செலவு | பிறகு விரிவாக்க முடியுமா | எப்போது பொருந்தும் |
|---|---|---|---|---|
| முழுதாக இப்போதே | மிகப் பெரிது | மிக அதிகம் | தேவையே இராது | நிலமும் கட்டட அனுமதியும் ரயிலும் ஒரே கையில் இருந்தால் |
| இடம் மட்டும் ஒதுக்கல் | சிறிது | குறைவு, ஆனால் நில உரிமையாளருக்கு வலி | முடியும் | வரும் என்று தெரியும், எப்போது என்று தெரியாது |
| கூடு கட்டி வைத்தல் | நடுத்தரம் | நடுத்தரம் | அளவு சரியாக இருந்தால் | வேறு வேலைக்காக அந்த இடத்தைத் தோண்டும்போது |
| சிறிதாகத் தொடங்கி வளர்த்தல் | சிறிது | குறைவு | முதல் நாள் எடுத்த அளவுகளைப் பொறுத்தது | சந்தேகம் அதிகம், ஆள் கொஞ்சம் ஏற்கெனவே இருக்கிறார்கள் |
| கூட்டம் வரட்டும் என்று காத்தல் | இல்லை | ரயிலுக்கு இல்லை, மக்களுக்கு உண்டு | வலியோடு | நகரம் வளர்வதே சந்தேகம் என்றால் |

அட்டவணை பார்க்க அழகாக இருக்கும், முடிவெடுக்க உதவாது. உள்ளே போவோம்.

## வழி 1: முழுதாக இப்போதே கட்டி ஓட்டுவது

இதற்கு மிகப் பிரபலமான சாட்சி நியூயார்க். 1913-இல் நகரம் இரண்டு தனியார் கம்பெனிகளோடு ஒப்பந்தம் போட்டு ரயில் வலையை விரித்தது. குயீன்ஸ் பகுதியில் 1917-க்குள் கொரோனா என்ற இடம் வரை உயர்பாலத்தில் ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. அந்தக் காலத்துப் புகைப்படங்களைத் தேடிப் பாருங்கள்: கீழே வயல், புதர், மண் சாலை, மேலே இரும்புப் பாலம், பாலத்தின்மேல் ரயில். 1910-இல் குயீன்ஸில் 2,84,041 பேர் இருந்தார்கள், 1930-இல் 10,79,129 பேர். இருபது ஆண்டில் ஏறக்குறைய நான்கு மடங்கு. முன்கூட்டியே கட்டச் சொல்கிறவர்கள் எல்லோரும் இந்தப் படத்தைத்தான் நீட்டுகிறார்கள்.

படத்தில் தெரியாத பாதியைச் சொல்கிறேன். பாதைக்குப் பக்கத்து நிலத்தின் விலை ஏறியது, லாபம் மனை போட்டு விற்றவர்களுக்குப் போனது. ரயில் ஓட்டிய கம்பெனிக்கு மிஞ்சியது 5 சென்ட் கட்டணம். அந்தக் கட்டணத்தை 1948 வரை யாரும் ஏற்றத் துணியவில்லை. அந்த இரண்டில் ஒன்றான ஐஆர்டி கம்பெனி 1932-இல் நொடித்துப்போக, 1940-இல் நகரமே அதை வாங்கிக்கொண்டது. ரயில் ஊரை வளர்த்தது உண்மை. வளர்த்த ரயிலுக்குச் சோறு போட யாரும் இல்லை என்பதும் உண்மை.

இந்த ஓட்டையை முதலில் அடைத்தவர்களில் ஒருவர் ஜப்பானின் இச்சிசோ கோபயாஷி. ஓசாகாவுக்கு வெளியே ஆள் குறைந்த மலையடிவாரத்துக்கு 1910-இல் ரயில் விட்டபோதே பாதையோரத்து நிலத்தையும் கம்பெனி வாங்கி வைத்திருந்தது. வீடு கட்டி மாதத் தவணையில் விற்றார்கள். டிக்கெட் காசு போதாவிட்டால் வீட்டுக் காசு இருக்கிறது. பிற்பாடு ஹாங்காங்கின் மெட்ரோ நிறுவனமான எம்டிஆர் செய்வதும் ஏறக்குறைய இதுதான், ரயில் பாதையோடு நிலையத்தின்மேல் கட்டும் உரிமையும் சேர்ந்தே வரும்.

ஆனால் நிலத்தை நம்பிக் கடன் வாங்குவதிலும் கண்ணி உண்டு. கோபன்ஹேகனுக்குத் தெற்கே ஓரெஸ்தாத் என்ற புது நகரம், 1992-இல் சட்டம் போட்டு, நிலம் விற்ற பணத்தில் மெட்ரோ கட்டுவதாகத் திட்டம். மெட்ரோ 2002-இல் ஓடத் தொடங்கியது. நிலம் நினைத்த வேகத்தில் விற்கவில்லை. காலியான பூங்காத் தரைகளுக்கு நடுவே பளபளவென்று ஓட்டுநர் இல்லாத தானியங்கி ரயில் போய்க்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. இப்போது அங்கே ஆள் இருக்கிறார்கள், கடன் அடையும் காலம்தான் நீண்டுபோனது.

சிங்கப்பூர் கதை எனக்கு மிகவும் பிடித்தது. வடகிழக்கு வழித்தடம் 2003 ஜூனில் திறந்தபோது புவாங்கோக் நிலையம் கட்டி முடிந்திருந்தும் திறக்கவில்லை, சுற்றிலும் போதுமான ஆள் இல்லை என்பது காரணம். நிலையம் விளக்குப் போட்டுத் தயாராக நிற்கிறது, ரயில் நிற்காமல் போகிறது. 2005 ஆகஸ்டில் அமைச்சர் ஒருவர் வரும் நாளில் யாரோ சாலையோரம் அட்டையில் வெட்டிய வெள்ளை யானைகளை வரிசையாக நட்டு வைத்துவிட்டார்கள், அது போலீஸ் விசாரணை வரை போனது. 2006 ஜனவரியில் நிலையம் திறந்தது. அதே வழித்தடத்தின் உட்லி நிலையம் 2011 வரை காத்திருந்தது. கட்டியதைத் திறக்காமல் வைத்திருந்ததைக் கேலி செய்தவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. ரயில் ஓடிக்கொண்டிருக்கும் சுரங்கத்தில் பிற்பாடு ஒரு நிலையத்தைச் செருகுவது மகாக் கஷ்டம், திறப்பதைத் தள்ளிப்போடுவது மட்டும்தான் சுலபம். அந்த வகையில் அது முட்டாள்தனம் இல்லை.

இது எப்போது சரி: ரயில் போடுகிறவரும் வீடு கட்ட அனுமதி தருகிறவரும் நிலம் வைத்திருக்கிறவரும் ஒருவராகவோ, ஒரே மேசையில் உட்காருகிறவர்களாகவோ இருந்தால். சிங்கப்பூரில் நிலத்தில் பெரும்பங்கு அரசிடம், அடுக்குமாடி கட்டுவதும் அரசு. ஆள் வருவார்களா என்பதை அவர்கள் கணிக்கவே தேவையில்லை, அவர்களே கூட்டி வருகிறார்கள். அந்த அதிகாரம் இல்லாத நகரம் சிங்கப்பூரைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்டால் பூனையின் கதைதான்.

மறைந்த செலவு: அன்றாட ஓட்டம். ஆளில்லாத ரயிலுக்கும் ஓட்டுநர், மின்சாரம், துப்புரவு எல்லாம் முழுசாக வேண்டும். அந்தப் பணம் பெரும்பாலும் ஏற்கெனவே நிரம்பி வழியும் பேருந்துத் தடங்களிலிருந்துதான் பிடுங்கப்படுகிறது. புது வழித்தடம் திறந்த மறுநாள் எந்தப் பேருந்துகள் குறைந்தன என்று பாருங்கள், உண்மையான பில் அங்கே இருக்கும்.

## வழி 2: இடத்தை மட்டும் ஒதுக்கி வைப்பது

கவர்ச்சியே இல்லாத வழி. ரிப்பன் வெட்ட முடியாது, கல்வெட்டு வைக்க முடியாது. அதனால்தான் அரசியல்வாதிகளுக்குப் பிடிப்பதில்லை, எனக்குப் பிடிக்கும்.

லண்டனின் எலிசபெத் வழித்தடம் 2022 மே மாதம் திறந்தது. அந்தத் தடத்தைப் பாதுகாக்கும் உத்தரவு 1991-இலேயே வந்துவிட்டது. 1994-இல் நாடாளுமன்றத்தில் திட்டம் தோற்றுப்போனது, உத்தரவு மட்டும் உயிரோடு இருந்தது. பாதைக்கு மேலே கட்டடம் கட்ட வருகிறவர்களின் விண்ணப்பம் இந்தத் தடத்தைக் கவனித்துத்தான் பரிசீலிக்கப்பட வேண்டும், அடித்தளத் தூண் சுரங்கத்தின் வழியில் இறங்கிவிடக் கூடாது. இப்படி ஒரு காகிதம் முப்பது ஆண்டு காவல் காக்காமல் இருந்திருந்தால் அந்த நகரத்தின் நடுவே அந்தச் சுரங்கத்தை நுழைக்க இடம் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்.

வாஷிங்டனுக்கு அருகே டல்லஸ் விமான நிலையம் 1962-இல் திறந்தபோது அதற்குப் போகும் சாலையின் நடுவே ரயிலுக்கென்று இடம் விட்டு வைத்தார்கள். ரயில் விமான நிலையத்தைத் தொட்டது 2022 நவம்பரில். அறுபது ஆண்டு! ஆனாலும் சாலை நடுவே விட்டு வைத்த அந்தப் பகுதியில் நிலத்துக்காக யார் வீட்டையும் இடிக்க வேண்டியிருக்கவில்லை.

இதில் ஒரு கசப்பு இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். நெடுஞ்சாலையின் நடுவே விட்ட இடம் மலிவாகக் கிடைத்ததற்குக் காரணமே, அங்கே யாரும் வாழ மாட்டார்கள் என்பதுதான். அப்படிப்பட்ட நிலையத்தில் இறங்கினால் இருபுறமும் வண்டிகள் சீறிக்கொண்டு போகும், நீளமான நடைபாலத்தில் ஏறி இறங்கித்தான் வெளியே வர வேண்டும், வந்ததும் வாகன நிறுத்துமிடம். நடந்து போகும் தூரத்தில் வீடும் கடையும் இல்லாத ரயில் நிலையம் பாதி நிலையம்தான். எளிதாகக் கிடைக்கும் இடத்தை ஒதுக்கிவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்தால், ஐம்பது ஆண்டு கழித்து நல்ல ரயில் தவறான இடத்தில் ஓடும்.

இன்னொரு மறைந்த செலவு மனிதர்களுடையது. 'இங்கே ஒருநாள் ரயில் வரும்' என்று கோடு போட்டுவிட்டால் அந்தக் கோட்டுக்குள் வீடு வைத்திருப்பவர் விற்கவும் முடியாது, இடித்துக் கட்டவும் முடியாது, வங்கியில் கடனும் சுலபத்தில் கிடைக்காது. அரசுக்கு இது இலவசம், அவருக்கு இது இருபது ஆண்டுத் தலைவலி. ஒதுக்கும்போதே 'நீங்கள் விற்க நினைத்தால் அரசு இந்த விலைக்கு வாங்கிக்கொள்ளும்' என்ற உறுதி இல்லாத ஒதுக்கீட்டை நான் ஆதரிக்க மாட்டேன்.

இது எப்போது சரி: வருவது உறுதி, எப்போது என்பதுதான் தெரியவில்லை என்ற எல்லா இடத்திலும். கணிப்பு பொய்த்தால் அந்தப் பட்டை நிலத்தைப் பூங்காவாகவோ பேருந்துத் தடமாகவோ மாற்றிக்கொள்ளலாம்.

## வழி 3: கூடு கட்டி வைப்பது

மேல்மாடிக்கென்று கம்பியை நீட்டிவிட்டு வைத்திருக்கும் வீடு மாதிரி. வேறு எதற்கோ தோண்டும்போது, எதிர்கால ரயிலுக்கான வெற்றுப் பெட்டியையும் சேர்த்துக் கட்டி மூடி வைப்பது. சொல்ல நிறையக் கதை இருப்பது இதில்தான், ஏனென்றால் மகத்தான வெற்றியும் படுதோல்வியும் இரண்டும் இங்கே பக்கத்துப் பக்கத்து வீடு.

டொரொண்டோவில் டான் பள்ளத்தாக்கின் மேல் 1918-இல் ஒரு பெரிய பாலம் திறந்தார்கள். மேல்தளத்தில் சாலையும் டிராமும். கீழே இன்னொரு தளம், அப்போது அந்த நகரத்தில் இல்லாத சுரங்க ரயிலுக்காக. வீண் செலவு என்று அன்றைக்கே சத்தம் எழுந்தது. 1966-இல் புளோர்-டான்ஃபோர்த் வழித்தடம் வந்தபோது ரயில் நேராக அந்தக் கீழ்த்தளத்தில் ஏறி ஓடியது, 48 ஆண்டு காத்திருந்த கான்கிரீட்டும் இரும்பும் அப்படியே பயன்பட்டன. இதோடு நிறுத்திவிடுவார்கள் எல்லோரும். அதே பாலத்தொடரின் இன்னொரு துண்டு ரோஸ்டேல் பள்ளத்தாக்கின் மேல் இருக்கிறது, அங்கேயும் கீழ்த்தளம் விட்டிருந்தார்கள். அங்கிருந்து திரும்பும் வளைவு சுரங்க ரயிலுக்கு ரொம்பக் கூர்மை என்று சொல்லி அதை ஒதுக்கிவிட்டு, பக்கத்தில் வேறு பாலமே கட்டிக்கொண்டார்கள். ஒரே கையால், ஒரே காலத்தில், ஒரே தொலைநோக்கோடு கட்டியதில் ஒன்று தேறியது, ஒன்று தேறவில்லை. அதே நகரத்தில் குயீன் நிலையத்துக்கு அடியில் 1950-களில் குறுக்கே போகும் டிராமுக்காகக் கட்டி வைத்த கூட்டுக்கு டிராம் வரவே இல்லை.

இப்போது இரண்டு இடங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

முதலாவது நரிதா. டோக்கியோவிலிருந்து நரிதா விமான நிலையத்துக்கு ஷின்கான்சென் என்ற அதிவேக ரயில் விடுவதாக 1974-இல் வேலை தொடங்கி, முனையத்துக்கு அடியில் நிலையத்துக்கான கூட்டையும் கட்டிவிட்டார்கள். நில எதிர்ப்பு பலமாக இருந்தது, 1983-இல் வேலை நின்றது. அந்த ஷின்கான்சென் இன்றுவரை வரவில்லை. ஆனால் 1991-இல் அதே கூட்டுக்குள் வேறு இரண்டு கம்பெனிகளின் ரயில்கள் வந்தன, ஒரு பக்கம் ஜேஆர், இன்னொரு பக்கம் கெய்சேய். இரண்டின் தண்டவாள அகலமும் வேறு: ஒன்று 1,067 மில்லிமீட்டர், மற்றது 1,435. வெற்றுப் பெட்டிக்கு எந்த ரயில் வந்தாலும் சம்மதம்.

இரண்டாவது சியாட்டில். நகரின் நடுவே பேருந்துகளுக்கென்று ஒரு சுரங்கம் 1990-இல் திறந்தார்கள், பிற்பாடு ரயில் வரும் என்று தரையிலேயே தண்டவாளமும் பதித்துவிட்டார்கள். பேருந்துகள் அதன்மேல் ஓடின. ரயில் போடும் நேரம் வந்ததும் பார்த்தால், தண்டவாளத்துக்கு மின்கசிவைத் தடுக்கும் காப்பு சரியில்லை. அதற்குள் தாழ்தள ரயில்பெட்டிகள் வழக்கத்துக்கு வந்துவிட்டிருந்தன, அவற்றுக்கு ஏற்பத் தரையையும் தாழ்த்த வேண்டும். 2005 முதல் 2007 வரை சுரங்கத்தை மூடி, பதித்ததைப் பெயர்த்தெடுத்துப் புதிதாகப் போட்டார்கள், ரயில் 2009-இல் ஓடியது. சுரங்கம் கைகொடுத்தது, உள்ளே முன்கூட்டிப் போட்ட இரும்பு காலை வாரிவிட்டது.

கூடு கட்டுவதென்றால் காலியாகக் கட்டுங்கள், கொஞ்சம் பெரிதாகக் கட்டுங்கள், வளைவை நீட்டி விடுங்கள் என்று நான் யாரிடமும் அலுக்காமல் சொல்வது இந்த இரண்டு ஊர்களைப் பார்த்துத்தான்.

கசப்பான மறுமுனை, சின்சினாட்டி. 1916-இல் 60 லட்சம் டாலர் கடன்பத்திரத்துக்கு மக்கள் வாக்களித்தார்கள், வற்றிய கால்வாயின் வழியே 1920-இல் சுரங்கம் தோண்டத் தொடங்கினார்கள். போர்க்கால விலையேற்றத்தில் பணம் பாதியிலேயே கரைந்தது, 1920-களின் இறுதிக்குள் வேலை நின்றே போனது. ஏறக்குறைய இரண்டு மைல் சுரங்கமும் நிலையங்களும் இருக்கின்றன, ஒரு பயணிகூட ஏறியதில்லை. 1950-களில் உள்ளே ஒரு குடிநீர்க் குழாயைக் கொண்டுபோய் விட்டார்கள். கடன் அடைந்தது 1966-இல், வட்டியோடு சேர்த்து முதலுக்கு இரு மடங்குக்கும் மேல்.

இது எப்போது சரி: அந்த இடத்தை எப்படியும் தோண்டப்போகிறீர்கள் என்றால். புதுப் பாலம், பெரிய கட்டடத்தின் அடித்தளம், இரண்டு வழித்தடங்கள் பிற்பாடு குறுக்கிடப்போகும் நிலையம். அதற்கென்றே தனியாகப் போய்த் தோண்டி மூடி வைப்பது ஏறக்குறைய எப்போதும் தப்பு.

மறைந்த செலவு: கூடு ஒரு வாக்குறுதி. கட்டிவிட்டோமே என்ற காரணத்துக்காகவே தவறான தடத்தை முப்பது ஆண்டு கழித்தும் கட்டிக்கொண்டு அழும் நகரங்கள் உண்டு.

## வழி 4: சிறிதாகத் தொடங்கி வளர்ப்பது

பிரஸ்ஸல்ஸ் இதை நிதானமாகச் செய்தது. 1969-இல் மெட்ரோ அளவிலேயே சுரங்கம் போட்டு உள்ளே சாதாரண டிராமை ஓட்டினார்கள், 1976-இல் அதே சுரங்கத்தில் முழு மெட்ரோ. இடைப்பட்ட காலத்தில் மக்கள் சும்மா இல்லை, டிராமில் போய்க்கொண்டிருந்தார்கள்.

பிரேசிலின் குரிச்சிபா இன்னும் மலிவாகச் செய்தது. ரயிலே போடாமல் 1974 முதல் பேருந்துக்குத் தனிப்பாதை, அந்தப் பாதையின் இருபக்கமும் மட்டும் உயரமான கட்டடங்களுக்கு அனுமதி. ஊர் அந்த வரிகளைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தது. என்னைக் கேட்டால் அங்கே பேருந்தைவிடக் கட்டட விதிதான் பெரிய கட்டுமானம்.

இதன் ஆபத்து, 'சிறிது' என்பதை எந்தப் பொருளில் எடுத்துக்கொள்கிறோம் என்பதில் இருக்கிறது. வான்கூவரில் ஒரே நகரத்தில் இரண்டு பாடம். 1980-களில் கட்டிய எக்ஸ்போ வழித்தடத்துக்கு 80 மீட்டர் நடைமேடை, முதலில் குட்டி ரயில்கள், கூட்டம் ஏற ஏறப் பெட்டிகளைச் சேர்த்தார்கள். 2009-இல் திறந்த கனடா லைனுக்குச் செலவை அடக்கி 40 மீட்டர் நடைமேடை கட்டினார்கள், 50 வரை நீட்டலாம், அவ்வளவுதான். கூட்டம் எதிர்பார்த்ததைவிட முன்னதாகவே வந்துவிட்டது. இரண்டு பெட்டி ரயிலை அடிக்கடி விடுவதைத் தவிர அதிகம் செய்ய வழியில்லை. நடைமேடைக்கு முன்னால் நின்று பார்த்தால் புரியும், ரயிலின் மூக்கும் வாலும் சுவரைத் தொட்டுக்கொண்டு நிற்கும்.

லண்டனின் டாக்லாண்ட்ஸ் இலகு ரயிலும் இப்படித்தான். 1987-இல் 7.7 கோடி பவுண்டில் மலிவாக, ஒற்றைப் பெட்டி வண்டிகளோடு திறந்தார்கள். அதற்குள் அந்த ரயில் போகும் பழைய கப்பல்துறைப் பகுதியான கனரி வார்ஃபில் வானளாவிய கட்டடங்களுக்குத் திட்டம் வந்துவிட்டது. நகர மையத்துக்கு நீட்டி, நடைமேடைகளை இரண்டு பெட்டிக்கு, பிறகு மூன்று பெட்டிக்கு நீட்டி என்று அடுத்த இருபது ஆண்டும் தையல் பிரித்துத் தைத்துக்கொண்டே இருந்தார்கள். ஆனாலும் இதைத் தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன். அந்தச் சின்ன ரயில் இல்லாமல் கனரி வார்ஃபுக்கு யாரும் முதலீட்டோடு வந்திருப்பார்களா?

இது எப்போது சரி: ஆள் கொஞ்சம் ஏற்கெனவே இருக்கிறார்கள், வளர்வது எந்த வேகத்தில் என்று தெரியவில்லை என்ற நடுவாந்தர இடங்களில். பெட்டி, சிக்னல், ஓட்டும் இடைவெளி எல்லாவற்றிலும் கஞ்சத்தனம் செய்யலாம். நடைமேடையின் நீளம், சுரங்கத்தின் விட்டம், வளைவு இந்த மூன்றில் செய்யக் கூடாது.

## வழி 5: கூட்டம் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்

இது முடிவெடுக்காமல் இருப்பது போலத் தோன்றும், இதுவும் ஒரு முடிவுதான். நகரம் வளர்வதே நிச்சயமில்லை, மக்கள்தொகை தேய்கிறது, இருக்கும் பேருந்துகளே காலியாக ஓடுகின்றன என்றால் கூச்சப்படாமல் இதையே தேர்ந்தெடுக்கலாம்.

மற்ற இடங்களில் இதன் விலையை நியூயார்க்கின் இரண்டாம் அவென்யூவில் பார்க்கலாம். சுரங்க ரயில் வரப்போகிறது என்று 1920-களிலிருந்து பேச்சு. அந்த நம்பிக்கையில் பக்கத்திலிருந்த இரண்டு உயர்பால ரயில்களையும் எடுத்துவிட்டார்கள், ஒன்று 1942-க்குள், மன்ஹாட்டனில் மற்றது 1955-இல். சுரங்க வேலை 1972-இல் தொடங்கி 1975-இல் நகரத்திடம் பணமில்லாமல் நின்றது. முதல் கட்டம் திறந்தது 2017 ஜனவரி 1 அன்று, மூன்று புது நிலையங்கள், ஏறக்குறைய 445 கோடி டாலர். நடுவில் இரண்டு மூன்று தலைமுறை பக்கத்து லெக்சிங்டன் வழித்தடத்தில் பிதுங்கிக்கொண்டு போனது. அந்த நெரிசல் எந்தத் திட்ட அறிக்கையின் செலவுக் கணக்கிலும் வராது, ஏனென்றால் அதைக் கொடுத்தது பயணிகள்.

காத்திருப்பதில் இன்னொரு நட்டமும் உண்டு. ரயில் இல்லாத இடத்துக்கு முதலில் குடிவருகிறவர் கார் வாங்கிவிடுவார். கடைகள் வாகன நிறுத்துமிடத்தோடு வரும், தெருக்கள் அகலமாகும், வீடுகள் தள்ளித் தள்ளி நிற்கும். பத்து ஆண்டு கழித்து ரயில் வந்தால் அது தன் நிலையத்துக்கு நடந்து வர முடியாத ஊருக்குத்தான் வந்து சேரும்.

## சரி, அந்த வெட்டவெளிக்கு என்ன செய்வது?

முதலில் சொன்ன இடத்துக்கே வருகிறேன். நான் அந்தக் கூட்டத்தில் எழுந்து பேச வேண்டியிருந்தால் முதலில் கேட்பது ரயிலைப் பற்றி இருக்காது: நிலையத்திலிருந்து பத்து நிமிட நடைக்குள் எத்தனை மாடி கட்ட அனுமதி தரப்போகிறீர்கள், எழுத்தில் காட்டுங்கள். 'அதைப் பிறகு முடிவு செய்வோம்' என்று பதில் வந்தால் முழு ரயிலுக்கு என் வாக்கு கிடையாது.

அனுமதி எழுத்தில் இருந்து, பாதையோர நிலத்தில் கணிசமான பங்கு பொதுக் கையிலும் இருந்தால், முதல் வழிக்குத் தயங்காமல் கை தூக்குவேன். ஆரம்ப ஆண்டுகளின் ஓட்டச் செலவு எந்தத் தலைப்பிலிருந்து வரும் என்று மட்டும் கேட்டு வைத்துக்கொள்வேன்.

இரண்டும் இல்லையென்றால் இந்த ஆண்டே தடத்தை ஒதுக்கச் சொல்வேன், நெடுஞ்சாலை நடுவில் இல்லாமல் சந்தையும் பள்ளியும் வரப்போகும் தெருவில், நில உரிமையாளருக்கு வாங்கும் உறுதியோடு. அந்தத் தடத்தில் முதல் குடும்பம் குடிவரும் வாரத்திலேயே பேருந்து, பத்து நிமிடத்துக்கு ஒன்று, காலியாகப் போனாலும் பரவாயில்லை, காலிப் பேருந்தின் நட்டம் காலி மெட்ரோவின் நட்டத்துக்குப் பக்கத்தில் நிற்கவே முடியாது. வழியில் யாராவது பாலம் கட்டினால் அல்லது பெரிதாகத் தோண்டினால் அந்த ஓரிடத்தில் மட்டும் காலிக் கூடு.

மனை வாங்கிப் போட்டிருப்பவருக்குத் தனியாக ஒரு வார்த்தை. தடம் வரைபடத்தில் இருப்பதும், தடம் சட்டப்படி ஒதுக்கப்பட்டிருப்பதும், பணம் ஒதுக்கப்பட்டிருப்பதும் மூன்று வெவ்வேறு விஷயங்கள். விற்றவர் உங்களிடம் காட்டியது முதலாவதாக இருந்தால், டல்லஸ்காரர்கள் எத்தனை ஆண்டு காத்திருந்தார்கள் என்பதை மேலே போய் இன்னொரு முறை படித்துவிடுங்கள்.